மல்லிகை மொட்டைக் கெடுப்பது எந்த ஈ?

கேள்வி:

திருமங்கலத்தில் வீட்டு மாடியிலும் பின்பக்கக் கொல்லையிலும் செடி வளர்க்கிறேன். குண்டுமல்லி தொட்டியிலும் இருக்கிறது, தரையிலும் இருக்கிறது. பக்கத்தில் கத்தரி, தக்காளி, ஒரு மாங்கன்று. அல்லி போட்ட சிமென்ட் தொட்டி ஒன்றும் உண்டு. மாசி முடிந்ததிலிருந்து எங்கே பார்த்தாலும் பொடிப் பொடியாக ஈ. பொழுது சாயும்போது அல்லித் தொட்டிக்கு மேல் கூட்டமாகச் சுற்றுகிறது. ராத்திரி டியூப் லைட்டில் மொய்க்கிறது. காலையில் செத்துக் கிடப்பதைக் கூட்டி அள்ளுகிறேன். தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் மண்ணிலிருந்து கறுப்பாகச் சின்ன ஈ கிளம்புகிறது. இதே சமயத்தில் மல்லிகை மொட்டெல்லாம் ஊதா நிறமாகி உதிர்கிறது. போன வருஷம் தினமும் ஒரு பந்து பூ கட்டிய செடியில் இப்போது சாமி படத்துக்கு வைக்கக்கூடத் தேறவில்லை. மாங்கன்று இலையில் மரு மாதிரி புடைத்திருக்கிறது. பேரன் கையில் கடித்த தடிப்பு வேறு. நர்சரியில் கேட்டதற்கு, "எல்லாம் ஒரே ஈதான், இதை அடிங்க" என்று ஒரு பாட்டிலில் மருந்து ஊற்றிக் கொடுத்தார்கள். அடிக்கலாமா? போட்டோக்கள் அனுப்பியிருக்கிறேன்.

— ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

அந்த மருந்தை அடிக்க வேண்டாம். பாட்டிலில் பெயர் இல்லை, அளவு இல்லை, எந்தப் பயிருக்கு என்றும் இல்லை என்பது போட்டோவிலேயே தெரிகிறது. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி லேபிள் ஒட்டாமல் மருந்து விற்கவே கூடாது. தலையில் வைக்கிற பூவிலும், சமைக்கிற கத்தரியிலும், பேரன் விளையாடுகிற மாடியிலும் பெயர் தெரியாத ஒன்றைத் தெளிப்பதற்கு எந்த ஈயின் தொல்லையும் காரணமாகாது. குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். தண்ணீர்ப் பாட்டில் என்று நினைத்து யாரும் எடுத்துவிடக் கூடாது.

அடுத்தது உங்கள் முக்கியமான சந்தேகம். இவை ஒரே ஈ இல்லை. நீங்கள் சொல்வதிலும் படங்களிலும் குறைந்தது நாலு விதமான பூச்சிகள் இருக்கின்றன. அல்லித் தொட்டிக்கு மேல் சுற்றுவது ஒன்று, தொட்டி மண்ணிலிருந்து கிளம்புவது ஒன்று, மல்லிகை மொட்டுக்குள் இருப்பது ஒன்று, மா இலையில் மரு உண்டாக்கியது ஒன்று. பேரனைக் கடித்தது பெரும்பாலும் இந்த நாலில் எதுவும் இல்லை. இத்தனையிலும் உங்கள் பூவைக் கெடுப்பது ஒன்றே ஒன்றுதான். கூட்டமாகக் கண்ணில் பட்டு உங்களைப் பயமுறுத்துகிறதே, அதற்கும் மல்லிகைக்கும் சம்பந்தமே கிடையாது.

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் வருவதில்லை. இந்தப் பொடி ஈக்கள் எல்லாமே ஒரு மில்லிமீட்டரிலிருந்து நாலைந்து மில்லிமீட்டருக்குள் அடங்குபவை. எல்லாவற்றுக்கும் ஒரு ஜோடி இறக்கை, நீளமான கால், நூல் போன்ற உணர்கொம்பு. செல்போன் படத்தில் பார்த்து இனம் சொல்வது யாராலும் ஆகாது. மல்லிகை மொட்டுக்குள் வளரும் மொட்டு ஈ சேர்ந்திருக்கும் குடும்பத்தில் மட்டும் உலகில் 6,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றைப் பிரித்தறிய ஈயைக் கண்ணாடிச் சில்லில் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்து, இறக்கை நரம்பையும் ஆண் ஈயின் பின்முனையையும் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே பறக்கிற ஈயைத் துரத்தாதீர்கள். அதன் புழு எங்கே வளர்கிறது என்று தேடுங்கள். ஒன்று தண்ணீருக்கடியில் வளர்வது, ஒன்று ஈரமண்ணில், ஒன்று மொட்டுக்குள், ஒன்று இலைச்சதைக்குள். இடம் தெரிந்துவிட்டால் முக்கால்வாசி அடையாளம் வந்துவிட்டது. அதற்கு நுண்ணோக்கி தேவையில்லை. பூதக்கண்ணாடி ஒன்றும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

அல்லித் தொட்டியில் தொடங்குவோம். அதன் அடியில் படிந்திருக்கும் சேற்றைக் கொஞ்சம் கரண்டியால் அள்ளி ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். நூல் நூலாகச் சிவப்புப் புழு நெளிந்தால் அது கைரோனோமிட் என்ற கடிக்காத கொசுவின் புழு. அலங்கார மீன் கடையில் பிளட் வார்ம் என்று விற்பது இதைத்தான். அதன் சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின், நம் ரத்தத்தில் இருக்கும் அதே வகைப் பொருள். காற்று குறைந்த சேற்றிலும் மூச்சுவிட அதுதான் உதவுகிறது. பூச்சிகளில் இது அபூர்வம். சேற்றில் மக்கும் பொருட்களையும் பாசியையும் தின்று இந்தப் புழு வளர்கிறது. வெளியே வந்த ஈக்குக் கடிக்க ஏற்ற வாயே கிடையாது. ஒரு சில நாள்தான் வாழும். பொழுது சாயும்போது நீங்கள் பார்க்கும் கூட்டம் ஆண் ஈக்களின் கூட்டம். பெண் ஈ அதற்குள் நுழைந்து ஜோடி சேரும்.

இதையும் நிஜக் கொசுவையும் பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று சொல்கிறேன். சுவரில் உட்கார்ந்திருக்கும்போது கவனியுங்கள். கொசு பின்னங்கால்களைத் தூக்கி வைத்திருக்கும். கடிக்காத கொசு முன்னங்கால்களைத் தூக்கி வைத்திருக்கும். கொசுவுக்கு நீண்ட ஊசி மூக்கு உண்டு, இதற்கு இல்லை. ஆண் ஈயின் உணர்கொம்பு இறகு போல அடர்ந்திருக்கும். நீங்கள் அனுப்பிய டியூப் லைட் படத்தில் அது தெளிவாகத் தெரிகிறது.

இவற்றைக் கொல்ல வேண்டிய அவசியம் இல்லை. தொட்டியில் நாலைந்து கப்பி மீன் விடுங்கள். இந்தப் புழுவையும் தின்னும், கொசுப் புழுவையும் தின்னும். அடிச்சேற்றை அவ்வப்போது அள்ளி மல்லிகைக்கே போடலாம், நல்ல உரம். மாலையில் ஒரு மணி நேரம் வெளி விளக்கை அணைத்து வையுங்கள், அல்லது வெள்ளை ஒளிக்குப் பதிலாக மஞ்சள் ஒளி தரும் பல்பு போடுங்கள். மொய்ப்பது கண்கூடாகக் குறையும். செத்துக் கிடப்பதை மட்டும் உலர்ந்து தூளாக விடாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். சூடானில் நைல் ஆற்றங்கரை ஊர்களில் இந்த வகை ஈ ஏராளமாகக் கிளம்பும் பருவத்தில் பலருக்கு ஆஸ்துமா வந்தது. ஆராய்ந்ததில் அந்தத் தூளில் இருந்த ஹீமோகுளோபின்தான் ஒவ்வாமைக்குக் காரணம் என்று தெரிந்தது. உங்கள் மாடியில் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் வீட்டில் யாருக்காவது இளைப்பு இருந்தால் துடைப்பத்தால் கூட்டாமல் துடைப்பதே நல்லது.

தொட்டி மண்ணிலிருந்து எழும்பும் கறுப்பு ஈ சியாரிட் குடும்பத்தைச் சேர்ந்தது. பூஞ்சை ஈ என்றும் சொல்கிறோம். தேங்காய் நார்க்கழிவு அதிகம் கலந்த மண்ணில், எப்போதும் ஈரமாக வைத்தால், இது வராமல் இருக்காது. நிச்சயப்படுத்திக்கொள்ள ஓர் உருளைக்கிழங்கைத் தடிமனாக நறுக்கி, வெட்டிய பக்கம் மண்ணில் படும்படி வைத்துவிடுங்கள். மூன்று நாள் கழித்துத் திருப்பிப் பார்த்தால் கண்ணாடி போன்ற வெள்ளைப் புழுக்கள் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் பளபளப்பான கறுப்புத் தலை. அந்தக் கறுப்புத் தலையை நினைவில் வையுங்கள், மல்லிகைக்கு வரும்போது அது தேவைப்படும். இந்தப் புழு பூஞ்சையையும் மக்கும் இலையையும்தான் முக்கியமாகத் தின்னும். வளர்ந்த செடிக்குப் பெரிய கெடுதி இல்லை. நாற்றுகளின் மெல்லிய வேரை மட்டும் கடிக்கும். மேல்மண் ஒரு விரற்கடை ஆழத்துக்குக் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். மேலே ஓர் அங்குலம் மணல் பரப்புங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து இருக்கிறது. அதில் இஸ்ரேலென்சிஸ் என்று போட்டிருப்பதைத்தான் வாங்க வேண்டும். குர்ஸ்டாகி என்று போட்டிருப்பது பச்சைப்புழு, காய்ப்புழு போன்ற அந்துப்பூச்சிப் புழுக்களுக்கானது. ஈயின் புழுவை அது ஒன்றும் செய்யாது. கடைகளில் இரண்டையும் "பிடி" என்ற ஒரே பெயரில் கேட்டு வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய.

இனி மல்லிகை. இதற்குத்தான் நீங்கள் கடிதமே எழுதியிருக்கிறீர்கள்.

நாளைக் காலையில் செடியில் நிறம் மாறிய மொட்டு பத்து, கீழே உதிர்ந்த மொட்டு பத்து பறித்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்து, ஊசியாலோ பிளேடாலோ ஒவ்வொன்றாக நீளவாக்கில் பிரியுங்கள். அடிப்பக்கம், இதழ்கள் காம்போடு சேரும் இடத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அங்கே ஈரமாக, அழுகினாற்போல் இருந்து, இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்படாத பொடிப் புழுக்கள் கூட்டமாக இருந்தால் அது மொட்டு ஈ. இளம் புழு வெள்ளையாக இருக்கும்; முதிர முதிர மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறும். கால் இருக்காது. தலை என்று தனியாக எதுவும் தெரியாது. பூஞ்சை ஈயின் புழுவுக்குக் கறுப்புத் தலை உண்டு என்று சொன்னேன் அல்லவா, வித்தியாசம் அதுதான். முதிர்ந்த புழு ஒன்றைக் காகிதத்தில் விட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். உடம்பை வளைத்துச் சட்டென்று துள்ளிக் குதிக்கும். அதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

மொட்டு உதிர்வதற்கு வேறு காரணங்களும் இருப்பதால் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன். மொட்டில் வட்டமாக ஓட்டை விழுந்து, உள்ளே பச்சை உடம்பும் கறுப்புத் தலையும் கொண்ட ஒரே ஒரு புழு இருந்து, கறுப்புக் கறுப்பாகப் புழுக்கையும் கிடந்தால் அது மொட்டுப்புழு, அந்துப்பூச்சியின் பிள்ளை. பல மொட்டுகளை நூலாம்படையால் சேர்த்துக் கட்டினாற்போல் இருந்தால் அதுவும் அந்துப்பூச்சி வகைதான். இதழில் பழுப்புக் கீற்று விழுந்து ஓரம் கருகியிருந்தால் இலைப்பேன். இலையிலும் மொட்டிலும் வெள்ளையாகக் கம்பளி படிந்தாற்போல் இருந்தால் சிலந்திப்பேன் வகை. பிரித்துப் பார்த்தபோது உள்ளே சுத்தமாக, புழுவே இல்லாமல் இருந்தால் தண்ணீரையும் வேரையும் சந்தேகியுங்கள். இத்தனைக்கும் வைத்தியம் வேறு வேறு. நீங்கள் அனுப்பிய படத்தில் மொட்டின் அடி பருத்து, ஊதா படர்ந்து, வெளியே ஓட்டை ஏதும் இல்லாமல் இருக்கிறது. அதை வைத்து மொட்டு ஈ என்றே நினைக்கிறேன். பிரித்துப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

இந்த ஈயின் அறிவியல் பெயர் கான்டரினியா மேகுலிபென்னிஸ். 1933-இல் ஹவாய்த் தீவில் செம்பருத்தி மொட்டிலிருந்து எடுத்து முதலில் விவரித்தார்கள். அந்த ஊரிலும் நம் குண்டுமல்லியைப் பிகாகே என்ற பெயரில் வளர்த்து மாலை கட்டிப் போட்டுக்கொள்கிறார்கள். அங்கேயும் இதே ஈ, இதே தொல்லை. ஆர்க்கிட், செம்பருத்தி, தக்காளி, கத்தரி, பாகல் மொட்டுகளிலும் அது அங்கே வளர்கிறது. உங்கள் மல்லிகைக்குப் பக்கத்திலேயே கத்தரியும் தக்காளியும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றின் மொட்டுகளையும் கையோடு பிரித்துப் பார்த்துவிடுங்கள். மல்லிகையைச் சுத்தம் செய்துவிட்டுப் பக்கத்துச் செடியில் விட்டுவைத்தால் திரும்பவும் அங்கிருந்து வரும்.

இதன் வாழ்க்கை எப்படி என்று தெரிந்துகொண்டால், மருந்து ஏன் பலிப்பதில்லை என்பது விளங்கும். பெண் ஈ இளம் மொட்டின் நுனியில் முட்டை வைக்கும். ஒரு நாளில் பொரிந்து, புழு மொட்டுக்குள் இறங்கிவிடும். ஏறக்குறைய ஒரு வாரம் உள்ளேயே தின்னும். பிறகு மொட்டைவிட்டு வெளியே துள்ளி மண்ணில் விழுந்து, மேல்மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகும். இரண்டு மூன்று வாரம் கழித்து மண்ணிலிருந்து ஈ வெளியே வரும். அந்த ஈ வாழ்வது நாலைந்து நாள். ஆக, முட்டையிலிருந்து ஈ வரை மூன்று நாலு வாரத்தில், நீங்கள் தெளிக்கும் மருந்து அதன் மேல் படக்கூடிய நேரம் அந்தக் கடைசி நாலைந்து நாள்தான். மற்ற நாளெல்லாம் அது மொட்டுக்குள்ளோ மண்ணுக்குள்ளோ பத்திரமாக இருக்கிறது. மருந்து அடித்த மறுநாள் ஈ குறைந்தாற்போல் தெரியும். மறுவாரம் மண்ணிலிருந்து அடுத்த கூட்டம் வந்துவிடும். மதுரையைச் சுற்றி மல்லிகை விவசாயம் செய்கிறவர்கள் மருந்துக்கு மேல் மருந்தாக அடித்தும் மொட்டு உதிர்வது நிற்கவில்லை என்று சொல்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு, அந்தப் பூவை நம்பி விடிகாலையில் பறிக்கப் போகிற குடும்பங்களுக்கு, இந்தச் சின்ன ஈ உண்டாக்கும் நஷ்டம் என்னை உண்மையிலேயே வருத்துகிறது. உதிர்ந்த மொட்டை அப்படியே தரையில் விட்டுவிட்டு எத்தனை முறை மருந்து அடித்தாலும் காசும் உடம்பும்தான் கெடும்.

வீட்டுத் தோட்டத்தில் உங்களுக்கு இருக்கும் பெரிய வசதி, எல்லாச் செடியும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. அதைப் பயன்படுத்துங்கள். தினமும் காலையில் பூப் பறிக்கும்போதே நிறம் மாறிய மொட்டு, பருத்த மொட்டு, கீழே கிடப்பது அத்தனையையும் பொறுக்கிவிடுங்கள். புழு மண்ணில் இறங்குவதற்கு முன் அகப்பட்டுவிட வேண்டும். அதனால் ஒரு நாள்கூட விடக் கூடாது. பொறுக்கியதை எருக்குழியில் போடாதீர்கள், அங்கேயே ஈயாகிவிடும். பாலித்தீன் பையில் போட்டு வாய் கட்டி இரண்டு மூன்று நாள் வெயிலில் கிடத்துங்கள், அல்லது கொதிக்கிற தண்ணீரில் கொட்டிவிடுங்கள். வீட்டில் எல்லோரும் இதைச் செய்யக் கற்றுக்கொள்ளட்டும். நீங்கள் ஊருக்குப் போகிற வாரத்தில்தான் ஈ பெருகும்.

மண்ணிலும் வேலை இருக்கிறது. தரையில் இருக்கும் செடியைச் சுற்றி மேல்மண்ணை வாரம் ஒரு முறை லேசாகக் கொத்திவிட்டு வெயில் படவிடுங்கள். கூட்டுப்புழுக்கள் மேலே வந்து காய்ந்துவிடும். எறும்பும் குருவியும் கொஞ்சம் தின்றுவிடும். வேர் அறுபடாமல் மேலாகக் கொத்தினால் போதும். செடிக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கை மண்ணோடு கலந்துவிடுங்கள். தொட்டிச் செடிகளுக்கு இன்னொரு வழி: தண்டைச் சுற்றி இடைவெளி விடாமல் பழைய வேட்டித்துணியை மண்ணின் மேல் விரித்துவிடுங்கள். தண்ணீர் இறங்கும், துள்ளி விழுகிற புழு மண்ணுக்குள் போக முடியாது. தினமும் துணியை எடுத்து வெயிலில் உதறிப் போட்டால் சரி. செடிக்கடியில் எப்போதும் சதசதவென்று ஈரம் இருக்க வேண்டாம். ஈர மண்தான் இந்த ஈக்குப் பிடித்தது.

தெளிக்க வேண்டுமென்றால் வேப்பங்கொட்டைக் கரைசல் ஐந்து சதம் தெளியுங்கள். வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, மறுநாள் துணியில் வடிகட்டி, துளி காதி சோப்பு கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இளம் மொட்டுகள் நனையும்படி அடியுங்கள். உள்ளே போன புழுவை இது கொல்லாது. முட்டை வைக்க வரும் ஈயை விரட்டும் என்பதால்தான் சொல்கிறேன். பூப்பறித்த பிறகு மாலையில் அடித்தால் மறுநாள் பூவில் வாடை அதிகம் தெரியாது. நவம்பர் கடைசி வாரத்தில் செடியைத் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் கவாத்து செய்யுங்கள். வெட்டிய கிளை, பழைய மொட்டு எதுவும் தோட்டத்தில் கிடக்கக் கூடாது. மொட்டே இல்லாத அந்தச் சில வாரத்தில் ஈக்கு முட்டை வைக்க இடம் இருக்காது. பங்குனி, சித்திரையில் பூ வரும்போது அதன் பலன் தெரியும்.

ஒரு மாதம் விடாமல் பொறுக்கினால் குறைவது தெரிய ஆரம்பிக்கும். ஒரு வாரத்தில் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே மண்ணுக்குள் இருப்பவை வெளியே வந்து தீர மூன்று வாரம் ஆகும்.

மாங்கன்றின் மருவும் இதே குடும்பத்து ஈயின் வேலைதான், ஆனால் இனம் வேறு. இலைக்குள்ளே முட்டையிலிருந்து வந்த புழு தின்னத் தின்ன, செடி அதைச் சுற்றிச் சதை வளர்த்து மரு போலப் புடைக்கிறது. மருவைப் பிளந்தால் ஒன்றுக்கு ஒரு புழு இருக்கும். வெறும் குழியும் சின்ன ஓட்டையும் மட்டும் இருந்தால் ஈ ஏற்கெனவே பறந்துவிட்டது என்று அர்த்தம். புழு இன்னும் உள்ளே இருக்கும் இளம் இலைகளைக் கிள்ளி அழித்துவிடுங்கள், போதும். கன்று செத்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். இலையில் எங்கே புடைப்பைப் பார்த்தாலும் ஈ என்று முடிவு கட்டவும் வேண்டாம். புங்க மரத்து இலையில் விரல் விரலாக நிற்குமே, அது கண்ணுக்கே தெரியாத ஒரு சிலந்திப்பேனால் வருவது. பாகல் கொடியின் தண்டில் முடிச்சு விழுவது ஈயால். நெல்லில் நடுக்குருத்து வெங்காயத் தாள் போலக் குழலாகிவிடும் ஆனைக்கொம்பனும் இந்தக் குடும்பத்து ஈதான். செடியில் ஈக்களும் பேன்களும் உண்டாக்கும் இந்தப் புடைப்புகளை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர் ஆக்ராவில் பணிபுரிந்த எம். எஸ். மணி என்ற நம்மவர். இந்தப் பொடி உயிர்களைப் பற்றி இந்தியாவில் இன்று நமக்குத் தெரிந்திருப்பதில் பெரும்பங்கு அவர் தேடிச் சேர்த்தது.

பேரனின் தடிப்பைப் பற்றி. பகலில் கடிக்கிறதா, விடியலிலும் சாயங்காலத்திலுமா என்று கவனியுங்கள். பகலில் கடித்தால், காலில் வெள்ளைப் பட்டை போட்ட ஏடிஸ் கொசுவாக இருக்க வாய்ப்பு அதிகம். டெங்கு பரப்புவது அதுதான். அல்லித் தொட்டியைவிட, செடித் தொட்டியின் அடித்தட்டு, மூடாத டிரம், பிரிட்ஜின் பின்தட்டு, மொட்டை மாடியில் கிடக்கும் உடைந்த பக்கெட் ஆகியவற்றை முதலில் பாருங்கள். வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். விடியலிலும் அந்தியிலும், சுருக்கென்று நெருப்புப் பட்டாற்போல் கடித்து, கடித்த பூச்சி கண்ணுக்கே சரியாகத் தெரியாவிட்டால் அது குலிகாய்டிஸ் என்ற கடிக்கும் ஈயாக இருக்கலாம். கொசுவலைக் கண்ணுக்குள்ளும் புகுந்துவிடும் அளவு சிறியது. இறக்கையில் புள்ளி புள்ளியாக இருக்கும். உட்காரும்போது இறக்கைகளை முதுகின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைத்துக்கொள்ளும். சாணி கலந்த ஈரச்சேற்றில் வளர்வது. பக்கத்தில் யாராவது மாட்டுத் தொழுவமோ செம்மறிக் கிடையோ வைத்திருந்தால் அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். செம்மறி ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைப் பரப்புவதும் இந்த ஈதான். ஆடு வளர்ப்பவர் மழைக்காலத்தில் தொழுவத்தை ஈரமில்லாமல் வைத்துக்கொண்டால் அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

அதே கடிக்கும் ஈயின் நெருங்கிய சொந்தக்காரன் ஒன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக இருக்கும் கோகோ மரத்துக்கு மகரந்தம் சேர்க்கிறது. கோகோப் பூ மிகச் சிறியது; தேனீக்கு அதில் வேலையில்லை. ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் இருக்கும் இந்த ஈ உள்ளே புகுந்து வந்தால்தான் காய் பிடிக்கும். கீழே மக்கிக் கிடக்கும் இலையிலும் கோகோ ஓட்டிலும் அது வளர்கிறது. உங்கள் தோட்டத்திலும் அவரைக்கொடியில் அசுவினி மொய்த்திருக்கும்போது நடுவே ஆரஞ்சு நிறத்தில் பொடிப் புழு ஊர்ந்தால் அதைக் கொல்லாதீர்கள். மொட்டு ஈயின் குடும்பத்திலேயே அசுவினியைத் தின்னும் இனம் ஒன்று உண்டு. அதன் புழுவாக இருக்கலாம். ஒரே மருந்தைத் தோட்டம் முழுவதும் அடித்தால் முதலில் போவது இவைதான்.

இனம் என்னவென்று முழுமையாகத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால், ஈயை நீங்களே வளர்த்து எடுக்கலாம். வாய் அகலமான பாட்டிலில் மூன்று விரற்கடை ஈரமணல் போட்டு, புழு இருக்கும் மொட்டு ஒரு கைப்பிடி அதன் மேல் வைத்து, வாயை மெல்லிய துணியால் இறுக்கிக் கட்டி நிழலில் வையுங்கள். மணல் காய்ந்தால் நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் துணிக்கடியில் ஈ வந்து உட்காரும். மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை ஒரு சின்னப் புட்டியில் ஊற்றி ஈக்களை அதில் போடுங்கள். புழுக்கள் சிலவற்றை வேறொரு புட்டியில் போடுங்கள். என்ன செடி, எந்த ஊர், எந்தத் தேதி என்று ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே போட வேண்டும். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். யானைமலை ஒத்தக்கடையில் இருக்கும் மதுரை வேளாண்மைக் கல்லூரியின் பூச்சியியல் துறையில் காட்டினால் பார்த்துச் சொல்வார்கள். ஒரே ஒரு ஈயை எடுத்துப் போகாதீர்கள். பத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். அதில் ஆணும் பெண்ணும் கலந்திருந்தால்தான் இனத்தை உறுதியாகச் சொல்ல முடியும்.